தொட்டியக்கா எண்ணிய பதினேழு கிண்ணங்கள்

பதினேழு.

செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் அந்த வண்டியில் சூப் வாங்கியவர்கள் நூறு பேர். அவர்களில் பதினேழு பேர் பாதிகூடக் குடிக்காமல் கிண்ணத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். சாலையின் எதிர்ப்பக்கம், சாவி வெட்டும் கடையின் படியில் உட்கார்ந்து இதை எண்ணிய பெண்ணுக்கு வயது நாற்பத்தாறு. கால்மணிக்கு ஒரு தரம் எழுந்து சாலையைக் கடப்பாள். தொட்டியை எட்டிப் பார்ப்பாள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடப்பவை காலிக் கிண்ணங்கள். தனியே சாய்ந்து கசிந்துகொண்டிருப்பவை மிச்சம் வைத்தவை. மிச்சத்துக்கு மட்டும் நோட்டில் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள். நடுவில் பஸ் வந்து நின்று வண்டியை மறைத்தால், உச்சுக்கொட்டிக்கொண்டு அது போகும்வரை காத்திருப்பாள்.

ஐந்து வரை என்றால் தேறியது. ஆறு என்றால் தேறவில்லை. இது அவள் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால் அந்தத் தெருவில் பதினோரு கடைகளுக்கு வாழ்வு வந்திருக்கிறது. சூப் வண்டிக்கு இது மூன்றாவது தேர்வு, மூன்றாவது தோல்வி. வண்டிக்காரர் அவளுடைய கணவர்.

"எவ்ளோ?" என்று கேட்டார் அவர்.

"பதினேழு."

"போன தடவ பத்தொம்பது. ரெண்டு கொறஞ்சிருக்கு இல்ல?"

"கொறஞ்சிருக்குங்க. ஆனா அஞ்சு இல்ல."

அவர் கரண்டியைப் பானையின் வாயில் குறுக்கே வைத்தார். "சரி," என்றார். "அப்ப சனிக்கிழம அண்ணனுக்குப் போன் பண்ணிடறேன்."

அண்ணன் இருப்பது வேறு ஊரில், ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். அங்கே ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்க்க ஆள் வேண்டியிருந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லவேண்டும். போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. வண்டி நிற்கும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல் வந்ததிலிருந்து வண்டிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் இரண்டு மணி நேரத்தில் போகும் நூறு கிண்ணம், இப்போது நாலரை மணி நேரம் இழுக்கிறது. போன வாரமே அவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ எண்ணிப் பாரு. தேறினா இருக்கேன். தேறலன்னா வண்டியக் குடுத்துட்டுப் போறேன்."

தேறவில்லை.

அவளைத் தெருவில் நேரில் பார்த்தால் 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'தொட்டியக்கா'. அது அவளுக்கும் தெரியும். "மூஞ்சியப் பாத்து வைக்கிற பேரு தங்காது, வேலையப் பாத்து வைக்கிற பேருதான் தங்கும்," என்பாள்.

அந்த வேலையை அவள் கற்றது ஒரு துணி ஆலையின் உணவுக்கூடத்தில். பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். அழுக்குத் தட்டு திரும்பி வரும் ஜன்னல்தான் அவளுடைய இடம். மணி அடித்தால் நானூறு பேர் உள்ளே வருவார்கள். அடுத்த மணி அடிக்கும்போது நானூறு பேரும் வெளியே இருக்கவேண்டும். தட்டை வாங்கி, மிச்சத்தைத் தள்ளி, அடுக்கித் தள்ளுவது வேலை. தலைமைச் சமையல்காரர் ஆட்களிடம் போய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நானூறு பேரும் "நல்லாருக்கு" என்பார்கள். சாப்பாடு போடுகிறவன் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? தட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு வருடம் போனதும் சமையல்காரர் ஆட்களை விட்டுவிட்டு நேரே ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்.

"இன்னிக்கு என்ன சொல்லுது?"

"பீன்ஸ் வேகல. முட்டைக்கு ஒரு குறையும் இல்ல. பழத்த அழுகினதப் பாத்து வாங்கினாப்ல இருக்கு."

பதினெட்டு வருடம் அந்த ஜன்னலில் நின்றாள். பிறகு ஆலையை மூடினார்கள். மூன்று வருடம் அங்கும் இங்கும் கிடைத்த வேலையைச் செய்தாள். நாற்பதாவது வயதில் ஒரு நாள் கடைத்தெருவில் எட்டுப் பேர் கொண்ட கும்பலொன்று, கையில் வரைபடத்தோடு, நீண்ட வரிசை நின்ற ஒரு கடையில் போய்ச் சேர்ந்துகொள்வதைப் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வரிசையப் பாத்து ஏமாறாதீங்க. வரிசை சும்மா விளம்பரம். அதோ, தொட்டியப் பாருங்க," என்றாள். எட்டுப் பேரும் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு வரிசையிலிருந்து விலகினார்கள். அவர்களைக் கூட்டி வந்த சுற்றுலா நிறுவனத்து அம்மாள் மட்டும் அவளை விட்டு விலகவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு வேலை கிடைத்தது. கூடவே ஒரு மஞ்சள் குடையும்.

ஞாயிறு, திங்கள், புதன் என்று வாரத்தில் மூன்று நாள். நாலரை மணிக்குத் தபால் நிலையப் படிக்கட்டில் தொடங்கி ஏழு மணிக்கு ஆற்றுப்பாலத்தில் முடியும் நடை. பதினோரு கடை, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பாள். விளக்குக் கம்பம் எங்கே, பள்ளம் எங்கே என்று அவள் குதிகாலுக்குத் தெரியும். அவள் பட்டியலில் ஒரு கடை ஏறிவிட்டால் அதன் நெற்றியில் ஒரு மஞ்சள் வட்டம் ஒட்டப்படும். வெளியூர்க்காரர்களுக்கென்று ஆரம்பித்த அடையாளம் அது. போகப்போக உள்ளூர்க்காரர்களும் அந்த வட்டத்தைத் தேடி வந்தார்கள்.

காரணம், அவள் யாருக்கும் வளையமாட்டாள். அதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று இருந்தது. பஸ் நிறுத்தம் வந்ததும் அவள் குரல் கொஞ்சம் உயரும், குடை எதிர்ப்பக்க மீன் கடைக்குத் திரும்பும், கூட்டமும் திரும்பும். சூப்புக்காரர் குனிந்து பானையைக் கிண்டிக்கொண்டிருப்பார். "கட்டின புருஷனையே சேக்காதவங்க. அவங்க வட்டம் ஒட்டினா நம்பிச் சாப்பிடலாம்," என்று தெருவே சொல்லும். மீன் வறுப்பவர் மட்டும் வாரம் ஒரு தரமாவது குத்திக்காட்டுவார்: "ஊருக்கெல்லாம் கடை காட்டறீங்க, வீட்டுக்காரருக்கு மட்டும் முதுகு காட்டறீங்களே அக்கா!"

"முதுகுன்னாலும் தெனமும் காட்டறேன் இல்ல?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். சிரிப்பு சாவிக்கடை தாண்டும்வரைதான் இருக்கும்.

புதன்கிழமை நடைக்கு ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் அறுபத்தோரு வயதுக்காரர் ஒருவரை அவருடைய மகள் கையோடு கூட்டி வந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. தெருவில் யாராவது குறுக்கே ஓடினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அப்பா, அது பிரேக் இல்ல, தரை," என்றாள் மகள். பிறகு தொட்டியக்காவிடம், "அப்பா பஸ் டிரைவர். போன மாசம்தான் ரிட்டயர் ஆனாரு," என்றாள்.

"எந்த ரூட்டுங்க ஐயா?"

"இதே தெருதாம்மா. இருபத்திமூணாம் நம்பர். பத்தொம்பது வருஷம், நாளைக்கு ஆறு தடவ. வாசனை மட்டும் ஜன்னல் வழியா ஏறிக்கும், டிக்கெட்டு வாங்காது. ஒரு நாளு எறங்கித் தின்னதில்ல. அறுபது பேர உக்கார வச்சுட்டு நான் மீன் தின்னா விடுவாங்களா?"

"கடிகாரம் வாங்கித் தரவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு," என்றாள் மகள். "அதான் இந்த நடை."

"நேரத்தப் பாத்துப் பாத்துத்தான் தலையே நரைச்சுது. அதுல இன்னொரு கடிகாரம் வேறயா?"

தொட்டியக்காவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அன்றைக்கு அவள் பேச்சு வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகவே போனது. முதல் மூன்று கடையில் வயிற்றை நிரப்பாதீர்கள் என்றாள். முதல் கடையிலேயே டிரைவர் ரொட்டிக்காரம்மாவிடம் இரண்டாவது ரொட்டி கேட்டார். ரொட்டிக்காரம்மாவின் தொட்டியைக் குடை நுனியால் காட்டி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? இங்க பாருங்க, ஒரு துண்டு ரொட்டி கெடக்கா?" என்றாள். ஏழு பேரும் வரிசையாகத் தொட்டியைப் பார்த்துப் பாராட்டினார்கள். ராத்திரி தூங்கவிடாத கவலை மட்டும் அவள் நெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. புதன், வியாழன், வெள்ளி, அப்புறம் போன்.

ஐந்து நாற்பதுக்குப் பஸ் நிறுத்தம் வந்தது. குரல் உயர்ந்தது, குடை திரும்பியது. ஆறு பேர் திரும்பினார்கள். டிரைவர் திரும்பவில்லை.

"இங்க நிக்க மாட்டோமாம்மா?"

"அடுத்தது எதிர்ல மீனுங்க ஐயா. சூடா எடுக்கறாரு, வாங்க."

"மீன் எங்கயும் ஓடாது. இவருகிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு." அவர் நேரே சூப் வண்டிக்குப் போனார். "அண்ணே, என்னைத் தெரியுதா?"

சூப்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, அந்த முகத்தை பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இருபத்திமூணு?"

"அதே! உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். உங்க சூப்ப என்னைய மாதிரி வேற யாரும் கொட்டியிருக்க மாட்டாங்க."

"நீங்க ஒரு தடவகூட வாங்கினதில்லையே!"

"நான் வாங்கல. வாங்கினவங்களக் குடிக்க விடல. நான் இங்க கொண்டாந்து நிறுத்தும்போது பக்கத்துக் கண்ணாடியில நீங்கதான் தெரிவீங்க. சுத்தி நின்னு ஊதி ஊதிக் குடிச்சிட்டிருப்பாங்க. ஒரு வாய், ரெண்டு வாய். பஸ்ஸக் கண்டதும் கிண்ணத்தத் தொட்டியில வீசிட்டு ஓடியாருவாங்க. ஒரு தடவ ஒருத்தரு ஏறினதும் ஏறாததுமா, 'யோவ், ரெண்டு நிமிஷம் லேட்டா வரக்கூடாதா? நல்ல சூப்பு போச்சேய்யா'ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. லேட்டா வரலன்னு டிரைவரத் திட்டின ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தருதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்புக்காரர் சிரிக்கவில்லை. அவர் டிரைவரின் தோளுக்கு மேலாகத் தன் மனைவியைப் பார்த்தார்.

அவளும் சிரிக்கவில்லை. அவள் எதிர்ப்பக்கச் சாவிக்கடைப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படியில் உட்கார்ந்தால் வண்டி நன்றாகத் தெரியும், ஆட்கள் தெரிவார்கள், தொட்டி தெரியும். பஸ் வந்தால் மட்டும் எதுவுமே தெரியாது. பஸ் போனபிறகு அவள் சாலையைக் கடந்து வந்து தொட்டியைப் பார்ப்பாள், கோடு போடுவாள். கோடு எல்லாம் அந்த அரை நிமிடத்தில் விழுந்தவை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதற்குள் அடுத்த இருபத்திமூன்று வந்து நின்றது. ஆறு வருடத்தில் முதல்தடவையாக அவள் பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் நின்றாள். சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். ஒரு பெண் அவசரமாக ஒரு வாய் உறிஞ்சி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே ஒருவர், "சே!" என்றபடி போட்டுவிட்டு ஏறினார். பஸ் கிளம்பியது. மீதி இருவர் நின்று நிதானமாகக் குடித்தார்கள்.

தொட்டியக்கா தொட்டிக்குள் கையை விட்டாள். மேலே கிடந்த கிண்ணத்தைத் தொட்டாள். சுட்டது.

"என்னாச்சுக்கா?" என்று கேட்டாள் டிரைவரின் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. எண்ணினதுல ஒரு தப்பு." கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, மீன் ஆறிடும்."

நடை ஏழு மணிக்கு ஆற்றுப்பாலத்தில் முடிந்தது. எங்கும் நிற்கவில்லை, எதையும் விடவில்லை. உப்பில்லாப் பண்டம் பற்றி மட்டும் மிச்சக் கடைகளில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தொட்டியக்காவின் வீடு ஒரு சலவைக்கடையின் மாடியில் இரண்டு அறை. கீழே இஸ்திரி ஓடும் நேரமெல்லாம் தரை வெதுவெதுப்பாக இருக்கும். பதினேழு வயது மகள் அந்தத் தரையில் கவிழ்ந்து படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்குச் சூப்புக்காரர் மீந்த சூப்போடு மாடியேறி வந்தார். தொட்டியக்கா கதவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"மொதத் தடவ எண்ணின அன்னிக்கு. பஸ் வந்துடுதும்மா, அதான் கொட்டிட்டு ஓடறாங்கன்னேன். நீ என்ன சொன்ன?"

அவள் யோசித்தாள். தரையிலிருந்து மகள் தலையைத் தூக்காமலே எடுத்துக்கொடுத்தாள்: "'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.' நான் ஆறாங்கிளாஸு அப்ப. எனக்கே ஞாபகம் இருக்கு."

"நான் சொன்னா கூடம் கோணல்," என்றார் சூப்புக்காரர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "டிரைவர் சொன்னா வேதவாக்கு."

தொட்டியக்கா அவர் கையிலிருந்த சூப்புப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆலையில சில நாளு மணிய முன்னாடியே அடிச்சிடுவாங்க," என்றாள் தொட்டியக்கா. "அவசரச் சரக்கு போகணும்னு. பாதித் தட்டு அப்படியே வரும். அன்னிக்கு வந்த தட்டை நான் கணக்குலயே சேக்கமாட்டேன். சமையல்காரர் வந்து கேட்டாகூட, இன்னிக்கு மணி கெடுத்துடுச்சு, சாப்பாட்டுல குத்தம் இல்லன்னுதான் சொல்லுவேன். அப்படி இருந்தவதான் நான். இங்க வந்து பஸ்ஸ மறந்துட்டேன். தப்பு என்னுதுதாங்க."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வாக்கியத்துக்குச் சூப்புக்காரருக்குப் பழக்கம் போதவில்லை. கழற்றிய செருப்பை நேராக்கி வைத்தார். "அப்ப… தேறிடுச்சா?"

"இல்ல."

"என்னது!"

"பஸ்ஸால கொட்டினதக் கழிச்சா தேறலாம். ஆனா கொட்டினது கொட்டினதுதானே? வாங்கினவங்க வாயச் சுட்டுக்கிட்டு ஓடறாங்க. குடிக்க முடியாத சூப்புக்கு எப்படி வட்டம் ஒட்டறது?"

"அடியேய், நீ திருந்தவே மாட்டியா?"

"அப்பா, அம்மா சொல்றதும் சரிதானே," என்று மகள் நடுவில் புகுந்தாள். "சூப்பு ஆற எவ்ளோ நேரம் ஆகும்?"

யாருக்கும் தெரியவில்லை. பதினான்கு வருடமாகச் சூப் விற்றவருக்கும் தெரியவில்லை, ஆறு வருடமாக அதை எண்ணியவளுக்கும் தெரியவில்லை. மீந்த சூப்பை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டு ஒரு காகிதக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகள் போனில் நேரம் பிடித்தாள். நிமிடத்துக்கு ஒரு தரம் சூப்புக்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். ஏழாவது நிமிடத்தில் "சுடுது" என்றார். ஒன்பதாவது நிமிடத்தில் "ஊதினா குடிக்கலாம்" என்றார். பதினோராவது நிமிடத்தில் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

"பஸ் ஒம்பது நிமிஷத்துக்கு ஒண்ணு. சூப்பு ஆற பதினோரு நிமிஷம்," என்றாள் மகள். "ரெண்டே ரெண்டு நிமிஷம். அதுக்கா ஆறு வருஷம் இந்த வீட்டுல சூப்புன்னாலே சண்ட வந்துச்சு?"

வழி சொன்னவள் தொட்டியக்காதான். ஆலையில் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே எல்லாக் குழம்பையும் அகலத் தட்டுகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். வந்தவன் உட்கார்ந்ததும் தின்னலாம். இங்கேயும் இரண்டு பானை வைப்போம் என்றாள். வலது பானை அடுப்பின்மேல் கொதிக்கட்டும். இடது பானை அகலமாக, அடுப்பைவிட்டுக் கீழே, மூடி பாதி திறந்து. வாங்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: பஸ்ஸா, நிக்கிறீங்களா? பஸ் என்றால் இடது. நிற்கிறேன் என்றால் வலது.

சூப்புக்காரர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

ஏன் என்று வியாழக்கிழமை மாலை தெரிந்தது. அன்றைக்கு அவள் எதிர்ப்பக்கம் போகவில்லை. தொட்டியின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிவரை ஒன்றுமில்லை. ஐந்தேகாலுக்கு ஒன்று, ஐந்தரைக்கு இரண்டு, ஆறுக்கு இன்னும் இரண்டு. எல்லாம் பஸ் என்று சொன்னவர்கள் போட்டவை. எழுந்து போய் இடது பானையைப் பார்த்தாள். மூடி முழுசாக மூடியிருந்தது. திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது.

"என்னங்க இது!"

"கொஞ்சமா… அப்பப்ப அடுப்புல காட்டினேன்."

"எதுக்கு?"

"ஆறின சூப்ப எடுத்துக் குடுக்கக் கை வரலம்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கொதிக்கக் கொதிக்கக் குடுக்கறதுதான் என் கடைக்கு அழகுன்னு நெனச்சிருந்தேன். வெதுவெதுன்னு குடுத்தா நேத்து வச்சதுன்னு நெனைப்பாங்க."

அன்றைக்கு எண்ணிக்கை ஒன்பது. பதினேழிலிருந்து ஒன்பது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒன்பதை ஐந்து என்று சொன்னால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? சொல்லாவிட்டால் ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் அந்த வட்டத்தைப் பொய்யாக ஒட்டினால் மற்றப் பதினோரு வட்டமும் பொய்யாகிவிடும்.

"ஒம்பது," என்றாள். "நாளைக்கு அந்தப் பானையத் தொட்டீங்கன்னா உங்க கைய ஒடிச்சிடுவேன்."

"சனிக்கிழம போன் பண்றதுக்குக் கை வேணுமே!"

"வாய் இருக்கு இல்ல, அது போதும்."

வெள்ளிக்கிழமை அவள் எண்ணவில்லை. முதலில் படியில் உட்கார்ந்து தப்பாக எண்ணினேன், இப்போது தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஆசைக்கு எண்ணிவிடுவேனோ என்று அவளுக்கே தன் மேல் சந்தேகம். ரொட்டிக்காரம்மாவிடம் நோட்டைக் கொடுத்தாள். ரொட்டிக்காரம்மா தன் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மஞ்சள் குடையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்றரைக்கு முக்காலியில் வந்து அமர்ந்தாள். தொட்டியக்கா சாவிக்கடைக்கும் மீன் கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள்.

"உக்காருங்கக்கா. பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற ஆம்பள மாதிரி இருக்கீங்க," என்றார் மீன் வறுப்பவர்.

"நீங்க மீனப் பாருங்க. கருகுது."

எதிர்ப்பக்கத்திலிருந்து சூப்புக்காரரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸா, நிக்கிறீங்களா? முதலில் ஆட்கள் முழித்தார்கள். பிறகு வந்தவர்கள் தாங்களாகவே "பஸ்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்கள். ஆறு மணிக்கு ஒரு பஸ் வந்து மறைத்தது. பிறகு நகர்ந்தது. ரொட்டிக்காரம்மா குடையை நிமிர்த்திப் பிடித்து, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். கோடு போடவில்லை.

ஏழு மணிக்கே நூறு ஆகிவிட்டது.

தொட்டியக்கா சாலையைக் கடந்தாள். ரொட்டிக்காரம்மா நோட்டைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ? வெளையாடாதீங்க," என்றாள் தொட்டியக்கா.

"நாலு. அதுல ஒண்ணு ஒரு கொழந்த கை தவறிக் கொட்டினது. அதக் கழிச்சுடலாமா?"

"கழிக்காதீங்க. நாலு நாலாவே இருக்கட்டும்."

சூப்புக்காரர் இரண்டு பானையின் மூடியையும் திறந்து திறந்து பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் முகத்தைத் துடைக்கத் துணியைத் தேடினார். துணி அவர் தோளிலேயே கிடந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவர் அண்ணனுக்குப் போன் செய்தார். மகள் கேட்காமலே ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள்.

"அண்ணே, நான் வரல."

"ஏன்டா? எடத்த ஒனக்காகப் புடிச்சு வச்சிருக்கேன்."

"இங்க தேறிடுச்சுண்ணே."

"என்ன தேறிடுச்சு?"

"சூப்பு."

"ஒன் பொண்டாட்டியே பாஸ் போட்டுட்டாளா?" என்றது குரல். "அப்ப ஒலகத்துல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இருடா, அங்கேயே இரு."

சாப்பிட்டு முடித்ததும் தொட்டியக்கா அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தாள். ஆறு வருடத்தில் அவள் எண்ணித் தேறவில்லை என்று எழுதிய கடைகள், சூப் வண்டி போக, முப்பத்தொன்று. மகளை வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று யோசித்தாள். இருபத்தெட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் பஸ், மணி என்று எந்த அவசரமும் இல்லை. அவை தேறாததற்கு அவையே பொறுப்பு. மூன்றை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டாள். ஒன்று ரயில் நடைமேடையில். ஒன்று சினிமாக் கொட்டகை வாசலில். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சோளம் சுடும் வண்டி. அந்த வண்டிக்காரர் நாலு வருடமாக அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் வண்டிக்கு முன்னால் எதற்கு மணி அடிக்கிறது, எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று அவள் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நடை தொடங்குவதற்கு முன்னால், பகல் இரண்டரை மணிக்கு, அவள் அங்கே போகிறாள்.